சைரன் அடிக்கிற படம்

ஹேக்கர் படம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. எதிரி நெட்வொர்க்குக்குள் நுழைந்த உடனே அறை முழுக்கச் சிவப்பு விளக்கு எரியும், சைரன் ஊளையிடும், திரையில் பச்சை எழுத்துகள் மழையாகக் கொட்டும், ஒரு ஜெனரல் மேஜையைக் குத்துவார். சான் அன்டோனியோவில் ஒரு ராணுவத் தளத்தின் நெட்வொர்க்கைக் காவல் காப்பதுதான் என் வேலை. எங்கள் அறையில் சைரன் கிடையாது. எதிரி வரும்போது சத்தமே இருக்காது. யாராவது ஒருத்தர் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பது அந்த நாற்காலிச் சத்தம்தான்.

வியாழக்கிழமை மதியம் இந்தப் படங்களைப் பார்த்து நார்நாராகக் கிழிப்பது எங்கள் வழக்கம். காவல் அறைக்குள் செல்போன்கூடக் கொண்டுபோக முடியாது. அதனால் வெளியே இருக்கிற சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். தப்பு வந்ததும் முதலில் கத்துகிறவர் படத்தை நிறுத்தி, அது ஏன் தப்பு என்று விளக்கலாம். கவனிக்காமல் டாக்கோ தின்றுகொண்டிருந்தவர் ஊறுகாய் மிளகாய் ஒன்றை முழுசாகக் கடிக்க வேண்டும். ஒரு படம் முடிய நாலைந்து வியாழன் ஆகும்.

இந்தக் கூத்துக்கு ராஜா, சார்ஜன்ட் வெர்னன் டகெட். ஜார்ஜியா மாநிலத்துக்காரன், என் பக்கத்து மேஜை, என் சிநேகிதன். என் வீட்டுக் கல்யாணங்களில் என்னைவிட அதிகமாக ஆடியவன். தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவனால் வாயை மூட முடியாது. அவன் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். தப்பைக் கண்டுபிடிக்கத்தானே சம்பளம்? சொல்லாமல் விழுங்கினால் ஜீரணம் ஆகாது.

கேப்டன் ஹால்வர்சன் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி உட்காருவார். மினசோட்டாவிலிருந்து புதிதாக வந்தவர், எங்களுக்கு மேலதிகாரி, என் மூத்த மகள் வயதுப் பெண். எப்போதாவது அவரும் ஒரு தப்பைச் சொல்வார். மற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். மரியாதையாகத் தலையாட்டுவது எவ்வளவு கொடுமை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் வெர்னனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நெட்வொர்க் காவலர்களைப் பற்றி ஒரு படம் தயாராகிறதாம், இன்னும் முடியவில்லையாம். விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துத் தப்புகளைச் சொன்னால் திருத்திக்கொள்வார்களாம். சாப்பாடும் பீரும் அவர்கள் செலவு.

"யாரு இவனுங்க? உன் முகவரி எப்படிக் கிடைச்சுது?" என்றேன்.

"இந்த ஊர்ல பாதிப் பேரு தளத்துல வேலை பார்க்கிறான், மீதிப் பேரு இங்க ரிட்டயர் ஆனவன். கிடைக்கிறதா கஷ்டம்? நீ பீட்சா டப்பாவைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் திறப்ப, ரோசா."

"அதனாலதான் இன்னும் வேலையில இருக்கேன்."

"செக்யூரிட்டில கேட்டுட்டேன், மகராசி. சினிமா பார்க்க எதுக்குய்யா பர்மிஷன்னு சிரிச்சாரு ஸ்ட்ரவுட். எங்க வேலை செய்றோம்னு மட்டும் சொல்லக் கூடாதாம். வர்றியா, இல்ல வீட்ல உக்காந்து கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டிருக்கப் போறியா?"

போனேன். சந்தேகப்படுகிறவள் வீட்டில் உட்கார்ந்து என்ன பயன்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம் என்றுதான் போனேன்.

இருக்கைக்கே சாப்பாடு கொண்டுவந்து தருகிற தியேட்டர். சின்ன அரங்கு ஒன்றை எங்களுக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். படம் மகா மட்டம். சைரன் நிற்கவே இல்லை. ஷிஃப்ட் மாறும் காட்சியில் புது ஆட்கள் வரிசையாக வந்து சல்யூட் அடிக்க, பழைய ஆட்கள் நாற்காலியிலிருந்து எழ, இவர்கள் உட்கார என்று நாட்டியம் மாதிரி நடந்தது. எங்கள் கூட்டத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வெர்னன் பிரிஸ்கெட் இறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றே கத்தினான். கேப்டன்கூட வாய்விட்டுச் சிரித்தார்.

படம் முடிந்ததும் கோரி என்று ஒருவன் வந்தான். தொப்பி, தாடி, இதமான பேச்சு. டைரக்டருக்கு உதவியாளன் என்றான். எங்களைப் பக்கத்து ஹாலுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு மேஜையாக வந்து உட்கார்ந்தான்.

"தயவுசெஞ்சு கிழிச்சுத் தொங்கவிடுங்க. என் மூஞ்சிக்காகப் பார்க்காதீங்க" என்றான்.

எங்களிடமா இதைச் சொல்ல வேண்டும்? பிடித்துக்கொண்டார்கள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அருமையாகத் தலையாட்டினான். எனக்கு மூக்கில் வேர்த்தது. கதாநாயகி கடைசியில் செத்துப்போகிறாள். அவள் சாவு எப்படி இருந்தது, அழுகை வந்ததா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. படம் எடுக்கிறவனுக்கு அதுதானே முதல் கவலையாக இருக்க வேண்டும்? இவனுக்கு அறை, மேஜை, ஆட்கள் இதைத் தவிர வேறு கேள்வியே இல்லை.

வெர்னனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வா, போலாம். இவன் சரியில்ல."

"இரு ரோசா, சைரனைப் பத்தி இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

"நான் போறேன்."

"போ போ. போற வழியில எல்லா காரையும் செக் பண்ணிட்டுப் போ" என்றான். மேஜையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் அறையில் ஷிஃப்ட் மாறுவது சினிமா மாதிரி இருக்காது. வந்தவர்களும் போகிறவர்களும் சுவர் ஓரம் இருக்கிற பலகை முன்னால் போய்க் கும்பலாக நிற்போம். அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் போகிற ஷிஃப்ட் சொல்லும், வருகிற ஷிஃப்ட் குறுக்குக் கேள்வி கேட்கும். அந்தக் கொஞ்ச நேரம் மேஜைகள் காலியாகக் கிடக்கும். எந்த விதியிலும் அப்படி இல்லை, பழகிப்போன பழக்கம்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, முழங்கால் வலி தாங்காமல் நான் பலகைக்குப் போகவில்லை. காலை நீட்டிக்கொண்டு சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது பார்க்கிறவர்கள் மட்டும் பயன்படுத்துகிற ஒரு லாகின் கணக்கு, யாரும் பழுது பார்க்காத நேரத்தில், விழித்துக்கொண்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரைத் தட்டியது. அடுத்ததைத் தட்டியது. நாற்காலியை முன்னால் இழுத்தேன். பலகை முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அந்தக் கணக்கை அடைத்துவிட்டோம், தகவல் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் பழைய பதிவுகளைத் தோண்டியபோது எல்லோருக்கும் அள்ளு விட்டது. அதே கணக்கு, முந்தைய நாட்களிலும், ஷிஃப்ட் மாறும் அந்த இடைவெளியில் மட்டும் தலையைக் காட்டிவிட்டு, நாங்கள் மேஜைக்குத் திரும்புவதற்குள் படுத்துக்கொண்டிருக்கிறது.

"ஷிஃப்ட் நேரம் தெரியறதுக்கு உளவாளி தேவையில்ல. கேட் வாசல்ல நின்னு கார் போறதைப் பார்த்தா போதும். ஆனா அந்த நேரத்துல சீட்டெல்லாம் காலியா இருக்குங்கிறது உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். யாரோ சொல்லியிருக்காங்க" என்றார் செக்யூரிட்டி அதிகாரி ஸ்ட்ரவுட். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

அவர்தான் அந்தப் படத்தைத் தேடிப் போனார். அப்படி ஒரு கம்பெனி இல்லை. அப்படி ஒரு டைரக்டர் இல்லை. கோரியின் நம்பர் செத்துப்போயிருந்தது. நாங்கள் பார்த்தது ஒரு படத்தின் பகுதியே இல்லை. எங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் எடுத்தது. தப்பாக எடுத்தது தெரியாமல் அல்ல, தெரிந்து, யோசித்து, ஒவ்வொரு தப்பாக வைத்து எடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் எங்கள் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள். தப்பாகச் சொன்னால் ஓடிவந்து திருத்துவார்கள். எங்களை எவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறான் அந்தத் தாடிக்காரன் என்று நினைத்தபோது எனக்கு அவமானத்தில் காது சூடானது.

அதற்குப் பிறகு அறையில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஒருவர் போனில் பேசினால் மற்றவர் பேச்சை நிறுத்தினார். ஸ்ட்ரவுட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: நான் ஒன்றும் சொல்லவில்லை, வெர்னன்தான் பேசிக்கொண்டே இருந்தான். மின்னஞ்சல் வந்தது வெர்னனுக்கு. கூட்டிப்போனது வெர்னன். அதிகமாகக் கத்தியது வெர்னன். கேப்டன் ஹால்வர்சனும் அதையேதான் சொன்னார்: தான் பீர் கவுன்டரில் நின்றுகொண்டிருந்ததாகவும், அந்த ஆளோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தது சார்ஜன்ட் டகெட் என்றும்.

வெர்னனின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை ஜிம்மில் துண்டு மடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். ரகசியம் பார்க்கும் அனுமதி போய்விட்டால் அவனுக்குப் பட்டாளத்திலும் இடமில்லை, வெளியே இதே வேலை கொடுக்கிற எந்தக் கம்பெனியிலும் இடமில்லை. அவனுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

நான் அவனுக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவன் புதிதாக வாங்கிய பிக்கப் டிரக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'போ போ' என்று என்னை ஏன் அவ்வளவு அவசரமாக விரட்டினான் என்று யோசித்தேன். சந்தேகம் என் தொழில். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது அதை மேஜையில் வைத்துவிட்டுப் போக எனக்குத் தெரியவில்லை. என் கணவர் பெத்தோ, "வெர்னனையா சந்தேகப்படுற? வெக்கமா இல்ல?" என்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. தாடிக்காரனுக்குத் தெரிந்த வித்தை எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நடந்ததைத் தப்பாகச் சொல்வோம். அந்தப் பேச்சில் இல்லாதவனுக்குத் தப்பு தெரியாது. அதில் இருந்தவனுக்கு நாக்கு அரிக்கும்.

ஜிம் வாசலில், நிழலில், வெர்னன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"வாம்மா வா. துண்டு வேணுமா? முக்கோணமா மடிக்கவா, சதுரமா மடிக்கவா? இதுல நான் இப்ப எக்ஸ்பர்ட்."

"எப்படி இருக்க?"

"பாத்தா தெரியல? ஒருத்தன்கூட எட்டிப் பாக்கல, ரோசா. நீதான் முதல் ஆளு."

அந்த ஒரு பேச்சுக்கே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "அந்த கோரி, விடிகாலை மூணு மணிக்கு உள்ள வந்தா மாட்டுவாங்களான்னு கேட்டானாமே, அப்ப நீ என்ன சொன்ன?"

வெர்னன் நெற்றியைச் சுருக்கினான். "மூணு மணியா? யாருகிட்ட கேட்டான்? எங்கிட்ட நேரத்தைப் பத்தியே பேசலையே. சைரனை எந்த மூலையில மாட்டணும்னு கேட்டான். அப்புறம் அந்த ஜெனரல் சட்டையில இருக்கிற மெடலைப் பத்திக் கேட்டான். என்னைத்தான் தெரியுமே, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். கொஞ்ச நேரத்துல அவனே போரடிச்சு எழுந்து அடுத்த மேஜைக்குப் போயிட்டான்."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோரி உண்மையில் கேட்டது என்ன என்று தெரிந்திருந்தால் அதைச் சொல்லாமல் அவனால் வாயை மூடியிருக்க முடியாது. அந்த முகத்தில் குழப்பத்தைத் தவிர ஒன்றும் இல்லை. என் மார்பிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அவன் கையைப் பிடித்து, "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அடுத்த நாள் ஸ்ட்ரவுட், தியேட்டருக்குப் போன எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். வெர்னனையும் கூப்பிட்டிருந்தார். அவன் சுவர் ஓரமாக, தனியாக உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு முடிவெடுத்து மேலே அனுப்பப் போவதாக ஸ்ட்ரவுட் சொன்னார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"நான் சொல்லணும், சார்" என்று எழுந்தேன். "அன்னைக்கு நடந்தது எனக்கு நல்லாத் தெரியும். கோரி எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கான். விடிகாலை மூணு மணிக்கு அறையில எத்தனை பேரு இருப்பாங்கன்னு. அதுக்கு வெர்னன் சிரிச்சுக்கிட்டே, மூணு மணிக்கு எல்லாரும் தூங்கிட்டுத்தான் இருப்பாங்கன்னு சொல்லியிருக்கான்."

வெர்னன் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"அப்புறம் அந்த ஷிஃப்ட் மாறுற சீன். அது ரொம்பச் சரியா எடுத்திருக்கீங்கன்னு நம்ம ஆளுங்க பாராட்டினாங்களாம். கோரியும் அதைப் பத்தி மேல எதுவும் கேக்கலையாம்."

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னும் ஒரு அடி வைத்தேன். "ஆக, ஷிஃப்ட் மாறுறதைப் பத்தி அந்த ஹால்ல பேச்சே வரல. இதுதான் நடந்தது."

"இல்ல, அது தப்பு" என்றார் கேப்டன் ஹால்வர்சன். "அந்த சீன் சரியா இருக்கான்னுதான் அவன் கேட்டதே. மூணு மணின்னு யாரும் பேசவே இல்ல. ஷிஃப்ட் மாறும்போது எல்லாரும் அவங்கவங்க சீட்ல இருந்துதான் மாறுவாங்களான்னு..."

நின்றுவிட்டார். தான் கவுன்டரில் நின்றதாகச் சொன்னது அவருக்கு நினைவு வந்துவிட்டது. எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது.

ஸ்ட்ரவுட் மெல்லக் கேட்டார்: "நீங்க அவனுக்கு என்ன சொன்னீங்க, கேப்டன்?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சீட்லயா? சுத்த அபத்தம், எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவோம், அந்த நேரத்துல அங்க ஒரு பூனை இருந்தாலும் நெட்வொர்க்கே அதோடதுதான்னு சொன்னேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேஜையே சிரிச்சுது. நான் சொன்ன ஒண்ணுக்கு இவங்க சிரிச்சது அன்னைக்குத்தான் முதல் தடவை."

அப்படியானால் அந்த மேஜையில் இருந்த மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். சிரித்திருக்கிறார்கள். அப்புறம் வரிசையாக வந்து வெர்னன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ட்ரவுட் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் கேப்டனைப் பார்த்து என்னால் கோபப்பட முடியவில்லை. தன் வயதில் பாதிகூட இல்லாத பெண் ஒருத்தி சபையில் அழுவதைப் பார்க்க எந்தத் தாய்க்கும் பிடிக்காது.

கேப்டனை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். அந்த மேஜையில் சிரித்தவர்களின் பெயர்கள் மேலிடத்துக்குப் போயின. வெர்னனுக்கு அட்டை திரும்பக் கிடைத்தது.

அவன் திரும்பி வந்த அன்று நான் சோளமாவில் டமாலே செய்து கொண்டுபோயிருந்தேன். அவன் சாப்பிட்டான், நன்றி சொன்னான். பிறகு தன் மேஜையிலிருந்த சாமான்களை ஒரு பெட்டியில் எடுத்துவைக்க ஆரம்பித்தான். இரவு ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறானாம்.

"ஏன்டா? இப்பத்தானே வந்த?"

"சும்மாதான்."

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் உன் பேரைச் சொன்னதுக்குக் கோபமா? அது கேப்டன் வாயைத் திறக்க வைக்கிறதுக்குடா."

"அது புரிஞ்சுது. பிரமாதமா பண்ணின. நான் யோசிக்கிறது அதுக்கு முந்தின நாளை." பெட்டியை மூடினான். "ஜிம் வாசல்ல வந்து, மூணு மணின்னு எங்கிட்ட கேட்டியே, ரோசா. அது யாரும் சொல்லி நீ கேட்டதில்ல. தூண்டில்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனிடம் பொய் சொன்னால் திருத்திவிடுவான்.

"ஆமா" என்றேன்.

"முதல் தூண்டில் எனக்கு."

"ஆமா, வெர்னன். மன்னிச்சிடு."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"கேப்டன் போறதுக்கு முன்னால வந்து அழுதாங்க. மன்னிச்சிட்டேன், மனசார மன்னிச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியாது, ரோசா."